சீலா மீனை இனமறிந்து, பருவமறிந்து வாங்கும் முறை

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலும், தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு ஆகிய துறைகளிலும் விடியற்காலையில் ஏலம் போகும் நீண்ட வெள்ளி நிற மீன்களுள் சீலாவும் ஒன்று. சில ஊர்களில் அதை ஊளி என்றும் அழைப்பர். ஏலத்தில் ஒரே பெயரில், ஒரே குவியலாகக் கிடந்தாலும், அக்குவியலில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று முழு வளர்ச்சி அடைந்தும் கையளவே இருக்கும். மற்றொன்று அதே அளவில் இன்னும் முட்டையிடாத குஞ்சாக இருக்கும். மூன்றாவது, பெரிதாக வளர்ந்தபின், பிடிபட்ட கடலைப் பொறுத்து உண்பவருக்குத் தீங்கும் செய்யக்கூடும். ஆகவே சீலா வாங்குவோர் அதன் உடலைப் பார்த்தே அது எவ்வினம், எப்பருவம், எத்தகைய கடலில் வாழ்ந்தது என்று ஓரளவு தெரிந்துகொள்ளப் பழக வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. முதுகு, வால், வாய், செவுள் ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் சீலாதானா என்று பார்த்தல்

நீண்ட உடலும் கூரிய பற்களும் கொண்ட மீனெல்லாம் சீலா அல்ல. நம் கரையில் அதனோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது முள்ளுவாளை. அதற்கும் வெள்ளி நிற உடலும் துருத்திய பற்களும் உண்டு. ஆனால் அது பக்கவாட்டில் பட்டையாக அழுந்திய மீன். அதன் முதுகில் ஒரே ஒரு துடுப்புதான், அதுவும் வாலுக்கு அருகில் தள்ளி அமைந்திருக்கும். சீலாவின் உடலோ உலக்கை போல் உருண்டு நீண்டது. அதன் முதுகில் இரண்டு துடுப்புகள், ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கும். முன்துடுப்பில் ஐந்து முட்கள் இருக்கும். பின்துடுப்பு மென்கதிர்களால் ஆனது, அதற்கு நேர் கீழே வயிற்றுப்புறத்தில் குதத்துடுப்பு அமைந்திருக்கும். மடவை மீனை அறிந்தவர்களுக்கு இந்த விலகிய இரட்டைத் துடுப்பு பழக்கமான அமைப்பே. பழைய வகைப்பாட்டாளர்கள் சீலாவையும் மடவையையும் நெருங்கிய உறவினங்களாகக் கருதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முரல் மீனுக்கு இரு தாடைகளும் ஊசியாக நீண்டிருக்கும். சீலாவுக்கு அப்படியில்லை, தலை கூம்பி நீண்டிருந்தாலும் கீழ்த்தாடை மட்டும் மேல்தாடையைத் தாண்டி முன்னே துருத்தியிருக்கும். துண்டு போட்டு விற்கும் கடைகளில் வஞ்சிரத்தின் இடத்தில் சீலாத் துண்டு வந்துவிடுமோ என்று ஐயுறுபவர்கள், துண்டை விட்டுவிட்டு வால் பகுதியைக் காட்டச் சொல்ல வேண்டும். வஞ்சிரத்தின் பின்துடுப்புக்கும் வாலுக்கும் இடையே வரிசையாகக் குறுந்துடுப்புகள் இருக்கும். சீலாவுக்கு அவை கிடையா. தோலில் விரலை வாலிலிருந்து தலைநோக்கித் தடவினால் சீலாவின் சிறு செதில்கள் தட்டுப்படும்.

எந்தச் சீலா?

உலகக் கடல்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சீலா இனங்கள் உள்ளன. அனைத்தும் ஸ்பைரீனா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. டெல்டாக் கரையில் வாங்குபவர் மூன்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் போதுமானது. வசதிக்காக அவற்றை இங்கே வரிச்சீலா, சிறுசீலா, பெருஞ்சீலா என்று குறிப்பிடுகிறேன். கடைகளில் இப்படிப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

வரிச்சீலா என்பது ஸ்பைரீனா ஜெல்லோ. உடலின் பக்கவாட்டில் செவுள் முதல் வால் வரை ஓடும் பக்கக் கோட்டை முதுகிலிருந்து கடந்து கீழிறங்கும் ஏறத்தாழ இருபது கருநிறப் பட்டைகள் அதன் அடையாளம். அவை நேராக இல்லாமல் சற்றே நெளிந்து வளைந்திருக்கும். வால் மஞ்சள் சாயல் கொண்டது. 150 செ.மீ. வரை வளரக்கூடிய இனமாயினும் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியவை. சிறுசீலா என்பது ஸ்பைரீனா ஒப்டுசாட்டா. இதன் உடலில் பட்டைகள் இல்லை. முதுகு பசுமை கலந்த சாம்பல் நிறமாகவும், வயிறு வெள்ளியாகவும், வால் மஞ்சளாகவும் இருக்கும். இது சாதாரணமாக 30 செ.மீ. அளவில் பிடிபடும்; மிக அதிகமாக வளர்ந்தாலும் 55 செ.மீ.தான். இவ்விரண்டு இனங்களையும் அறிவியல் முறைப்படி 1829-ஆம் ஆண்டில் விவரித்தவர் பிரெஞ்சு உயிரியலாளர் கூவியே.

பெருஞ்சீலா என்பது ஸ்பைரீனா பாரகுடா. உலகின் வெப்பக் கடல்களில் பரவலாக வாழ்வது; இரண்டு மீட்டர் நீளமும் ஏறக்குறைய 50 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. இதன் பக்கங்களில், குறிப்பாக உடலின் பின்பாதியில், ஒழுங்கில்லாமல் சிதறிய கறுப்புத் திட்டுகள் காணப்படும். வால் கருமை நிறம். அதன் நுனிகள் வெளுத்திருக்கும். வால் மஞ்சளா கறுப்பா என்ற ஒரு கேள்வியிலேயே பெருஞ்சீலாவை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துவிடலாம் என்பதால், நான் முதலில் பார்ப்பது வாலைத்தான். ஆனால் கறுப்பு வால் கண்டவுடனே அது பெருஞ்சீலாதான் என்று முடிவு கட்டவும் கூடாது. ஸ்பைரீனா புட்னாமே, ஸ்பைரீனா கெனீ போன்ற இனங்களுக்கும் வால் கருமையே. அவற்றின் உடலில் திட்டுகளுக்குப் பதிலாகப் பட்டைகள் தெளிவாக இருக்கும்.

ஐஸில் நெடுநேரம் கிடந்த மீனில் பட்டைகள் மங்கிவிடுவதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாத நாட்களும் உண்டு. அப்போது செதிலின் அளவு உதவும். பெருஞ்சீலாவின் பக்கக் கோட்டில் செதில்கள் 90-க்குள் இருக்கும். வரிச்சீலாவில் 120-க்கு மேல் இருக்கும். கடையில் நின்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே நீளமுள்ள இரண்டை அருகருகே வைத்தால், வரிச்சீலாவின் செதில்கள் பொடியாகவும் பெருஞ்சீலாவின் செதில்கள் தடித்தும் இருப்பது கண்ணுக்கே தெரியும்.

செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தல்

மீனின் புதுமையை அறியச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். சீலாவில் அதே செயல் இன்னொரு செய்தியையும் தரும். செவுள் மூடியை விரலால் உயர்த்தினால் சிவந்த செவுள் இழைகள் தெரியும். அவற்றைத் தாங்கி நிற்கும் வளைந்த எலும்பின் உட்புறத்தை, அதாவது வாயை நோக்கிய பக்கத்தை, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மத்தி போன்று நீரைச் சல்லடையாக வடிகட்டி இரைகொள்ளும் மீன்களில் அங்கே சீப்புப் பற்களாக நெருக்கமான செவுள் முட்கள் இருக்கும். சிறுசீலாவில் முதல் வளைவில் இரண்டே இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வரிச்சீலாவிலும் பெருஞ்சீலாவிலும் முள்ளே இருக்காது; தொட்டால் சொரசொரப்பு மட்டும் தெரியும்.

இந்தச் சிறு வேறுபாட்டை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முக்கால் சாண் நீளமுள்ள பட்டையற்ற மீனும், அதே நீளத்தில் பட்டை மங்கிப்போன மீனும் ஒரே கூறில் கிடக்கும்போது, முதலாவது தன் வழக்கமான அளவில் பாதியைத் தாண்டிய சிறுசீலா; இரண்டாவது, ஒன்றரை மீட்டர் வரை வளர வாய்ப்புள்ள வரிச்சீலாவின் குஞ்சு. இரண்டு முட்கள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். முள் இல்லாத சிறு மீனை வாங்குவது, ஒருமுறைகூட முட்டையிடாத மீனை வாங்குவதாகும். அத்தகைய கூறைத் தவிர்த்து, சற்றுப் பெரிய வரிச்சீலாவைக் கேட்டு வாங்குவதே முறை என்பது என் கருத்து. குஞ்சு மீனுக்குக் கேட்பார் குறைந்தால் அதைப் பிடிக்கும் சிறு கண் வலைக்கும் தேவை குறையும்.

புதுமையைப் பொறுத்தவரை, செவுள் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் விட்டுவிட வேண்டும். கண் துருத்தித் தெளிவாக இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமாகச் சீலாவில் வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். வலையில் சிக்கும் நேரத்தில் இரை நிறைந்த வயிற்றோடு இருந்த மீனில், செரிமான நீர் இறந்தபின்னும் வேலை செய்து வயிற்றுச் சுவரைக் கரைத்துவிடும்; மேலே பளபளப்பாக இருக்கும் மீன்கூட வயிற்றில் விரல் பட்டதும் குழையும்.

வாயும் வாழ்வும்

சீலாவின் வாயைத் திறந்து பார்த்தால் அதன் வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடும். பெரியவற்றில் வெறும் விரலால் திறக்கக் கூடாது. கத்தியின் முதுகைக் கொண்டு கீழ்த்தாடையை அழுத்தினால் போதும். கீழ்த்தாடையின் நுனியில் ஒரு கோரைப்பல் தனித்து நிற்கும். பக்கங்களில் கத்திமுனை போன்ற பற்கள் வரிசையாக இருக்கும். அண்ணத்திலும் ஒரு வரிசை பெரிய பற்கள் உண்டு. வாயை மூடும்போது ஒரு தாடையின் பல் எதிர்த்தாடையில் அதற்கென்றே உள்ள குழியில் போய் அமர்வதால், கத்தரியின் இரண்டு அலகுகளுக்கு இடையே இரை அகப்படுவது போன்ற வெட்டு கிடைக்கிறது. கொடுவா முதலிய பல மீன்கள் வாயைச் சட்டென முன்னே நீட்டி நீரோடு இரையை உறிஞ்சி விழுங்கும். சீலாவின் மேல்தாடை அவ்வாறு முன்னே நீளாது. ஆகவே உறிஞ்சிப் பிடிக்க அதனால் இயலாது. பாய்ந்து கடித்தே தீர வேண்டும்.

பாய்ச்சலுக்கு ஏற்றவாறே உடலும் அமைந்துள்ளது. பின்துடுப்பும் குதத்துடுப்பும் வாலுக்கு அருகில் தள்ளியிருப்பதால் உடலின் பின்பகுதி முழுவதும் ஒரே துடுப்புப் போல நீரைத் தள்ளுகிறது. நெடுந்தூரம் துரத்துவது அதன் வழக்கமன்று. அசையாமல் நீரின் நடுவே மிதந்து நின்று, இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் ஒரே வீச்சில் போய் விழும். சிறிய இரையை முழுதாக விழுங்கும், பெரியதை இரண்டாக வெட்டிப் பிறகு துண்டுகளை எடுக்கும். மீன் கழுவும்போது இரைப்பையைப் பிளந்து பார்த்தால் இது நேரிலேயே தெரியும்: நெத்திலியும் சிறு சாளையும் முழுதாகக் கிடக்கும்; சற்றுப் பெரிய மீனோ நடுவில் அரிந்தெடுத்த விளிம்போடு பாதியாகக் கிடக்கும். கணவாயும் அதன் உணவில் உண்டு.

பெருஞ்சீலா பகலில், கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. நீரில் மின்னும் எதுவும் அதற்கு வெள்ளி மீனாகத் தோன்றும் என்பதால், பவளப்பாறைப் பகுதிகளில் நீந்துவோர் பளபளக்கும் நகைகளை அணியாதிருப்பது நல்லது. மனிதரை அது கடித்த நிகழ்வுகள் அரிதே, அவற்றுள் பல இந்தக் குழப்பத்தால் நேர்ந்தவை. ஸ்பைரீனா கெனீ போன்ற இனங்கள் வேறு விதம்: பகலில் பெருங்கூட்டமாகக் கூடி நின்று, இரவில் பிரிந்து போய் இரை தேடும். பொதுவாகச் சிறிய சீலாக்கள் கூட்டமாகவும், பெருஞ்சீலாவில் முதிர்ந்தவை தனித்தும் திரியும். ஒரே படகில் கூடை கூடையாகச் சிறுசீலாவும், ஒற்றையாக ஒரு பெருஞ்சீலாவும் வந்து இறங்குவதன் காரணம் இதுவே.

முட்டைகளை அவை திறந்த நீரில் விட்டுவிடும். தாய் தந்தை காவல் கிடையாது. நீரோட்டத்தில் மிதந்து பொரிந்த குஞ்சுகளில் பெருஞ்சீலாவுடையவை கரையோர ஆழமற்ற நீரையும், கடற்புல் வெளிகளையும், கழிமுகங்களையும், அலையாத்தி வேர்களின் இடுக்குகளையும் நாடி வருகின்றன. கோரையாறும் பாமணியாறும் வந்து சேரும் முத்துப்பேட்டைக் காயலும், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள பிச்சாவரமும் இத்தகைய கடல்மீன் குஞ்சுகளுக்கு வளரிடமாக அமையும் நீர்நிலைகள். அங்கே வேரோரத்தில் வீச்சு வலையில் விரல் நீளச் சீலா அகப்பட்டால் அதைத் திரும்ப நீரில் விடுவதே நல்லது. அதில் சமைக்க ஒன்றும் இல்லை. பெருஞ்சீலாவில் ஆண் ஏறத்தாழ இரண்டு வயதிலும் பெண் நான்கு வயதளவிலும் இனப்பெருக்கப் பருவத்தை அடைவதாக அமெரிக்காவின் ஃப்ளோரிடாக் கடலில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரிய மீன் மீண்டும் நிறைவதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதற்கு இக்கணக்கே சான்று.

பெரிய மீனும் சிகுவாட்டரா நஞ்சும்

பெரிய மீன்தான் நல்ல மீன் என்ற எண்ணம் நம்மிடையே வலுவானது. வஞ்சிரத்தில் அது சரியாக இருக்கலாம், பெருஞ்சீலாவில் சரியன்று. பவளப்பாறைகளில், குறிப்பாக இறந்த பவளத்தின் மேல் படரும் பாசிகளில், காம்பியர்டிஸ்கஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி வாழ்கிறது. சிகுவாட்டரா என்னும் நச்சுணவு நோய்க்குக் காரணமான அதன் நஞ்சு, பாசி தின்னும் மீன்களுக்குள் போய், அவற்றைத் தின்னும் மீன்களில் சேர்ந்து, உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் பெருஞ்சீலாவில் ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. மீனுக்கு அதனால் நோய் தெரிவதில்லை. உண்பவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும், பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பும் தோன்றும். குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவது போல் உணர்வது இந்நஞ்சுக்கே உரிய குறி. நரம்புத் தொல்லை வாரக்கணக்கில் நீடிக்கவும் கூடும்.

வேகவைத்தல், பொரித்தல், உப்பிடுதல், உறைய வைத்தல் ஆகிய எதுவும் இந்நஞ்சை அழிக்காது. மீனின் மணமும் சுவையும் மாறுவதில்லை. ஈ மொய்க்கிறதா, எறும்பு ஏறுகிறதா, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் உலகின் பல கரைகளில் உண்டு. அவற்றுள் ஒன்றும் பயன் தராது. பயன் தருவது இரண்டு கேள்விகளே: எவ்வளவு பெரியது, எங்கே பிடித்தது?

இரண்டாவது கேள்விக்கு நம் கரை ஓரளவு ஆறுதல் தருகிறது. கொள்ளிட முகத்திலிருந்து கோடியக்கரை வரை உள்ள கடலடி மணலும் சேறுமாக இருப்பது. பவளப்பாறைக் கூட்டங்கள் தெற்கே பாக் விரிகுடாவின் சில பகுதிகளிலும், இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும் உள்ளன. ஆனால் கும்பகோணத்துச் சந்தையிலோ தஞ்சாவூர்ச் சந்தையிலோ கிடக்கும் மீன் நாகையில் இறங்கியதுதான் என்று உறுதி கூற இயலாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அக்காலத்தில் வெளியூர் மீன் ஐஸ் பெட்டிகளில் வந்து சேரும். "இது எந்த ஊரு போட்டு மீனு, அக்கா?" என்று கேட்டால் விற்பவர் தெரிந்ததைச் சொல்வார், தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதிலே.

என் பரிந்துரை எளியது. மஞ்சள் வால் கொண்ட சிறுசீலாவையும் நடுத்தர வரிச்சீலாவையும் வாங்கலாம். கறுத்த வாலும் திட்டுகளும் கொண்ட, கைநீளத்தைத் தாண்டிய பெருஞ்சீலாவை, பிடித்த இடம் தெரியாதபோது வாங்க வேண்டாம். ஈரலிலும் சினையிலும் தலையிலும் நஞ்சு சதையைவிடக் கூடுதலாகச் சேர்வதால், பெரிய சீலாவின் தலைக் குழம்புக்கும் சினை வறுவலுக்கும் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. நம் வீடுகளில் வீட்டுப் பெரியவருக்கென்று எடுத்து வைப்பவை இவையே என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய வேட்டை மீன்களில் பாதரசமும் கூடுதலாகச் சேரும். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சிறுசீலாவே ஏற்றது. மேற்சொன்ன குறிகள் தோன்றினால் மிச்சமுள்ள மீன் துண்டை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கையாளுதலும் அரிதலும்

தூண்டிலில் சீலா சிக்கினால், இறந்துவிட்டது என்று தோன்றினாலும் வாய்க்குள் விரலை விடக் கூடாது. செவுளுக்குப் பின்னால் ஈரச் சாக்கைப் போட்டு அழுத்திப் பிடித்து, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். பற்கள் தூண்டில் இழையான நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு முன் சாண் நீளம் கம்பி கட்டுவது மீனவர் வழக்கம்.

அரிவாள்மணையில் அமர்ந்ததும் முதலில் மூக்குப் பகுதியை வெட்டித் தள்ளிவிட்டால் பற்களைப் பற்றிய கவலை நீங்கும். செதில் எளிதில் உதிரும். வாலிலிருந்து தலைநோக்கி இரண்டு முறை இழுத்தால் போதும். குடலை எடுத்தபின் முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் குருதிக் கோட்டை நகத்தால் சுரண்டி, கல்லுப்பு போட்டுக் கழுவ வேண்டும். சீலாவின் வாடை பெரும்பாலும் அங்கேதான் தங்கும். சிறுசீலாவைக் குழம்பில் போட்டபின் கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் சதை உடைந்துவிடும். வரிச்சீலா வறுவலுக்கு நன்று. துண்டு விரல் பருமனுக்கு மேல் போனால் மசாலா உள்ளே இறங்காது.

கருவாடாக வாங்கும்போது வால் ஒட்டியிருக்கும் முழு மீனையே கேட்க வேண்டும். வாலும் தலையும் நீக்கிய பெரிய பாளத்தில் எவ்வினம் என்று கண்டுபிடிக்க வழியில்லை, உப்பும் வெயிலும் அந்த நஞ்சைத் தொடுவதுமில்லை.